எழுத்தில் தருவீர்களா? பேச்சுரிமை, தடை, தணிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற சிறிய வாசிப்பு வட்டம் எங்களுடையது. பதினைந்து பேர் வந்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா. போன வருடம் எங்கள் நிகழ்ச்சி ஒன்று நின்றுபோனது. அன்றிலிருந்து யார் வந்தாலும் பேச்சு இதைத்தான் சுற்றுகிறது. ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, மொழிபெயர்த்துப் பிழைப்பவன். போலீஸ், கோர்ட் என்று நிஜமாகவே சிக்கல் வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

போன வருடம் ஹாலில் அப்படி என்னதான் நடந்தது?

எங்கள் வட்டத்தில் ஒருவர் எழுதிய நாடகத்தை, நடிக்காமல், உட்கார்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. காவிரிக் கரையில் அடுத்தடுத்த வயல்காரர்களான ஒரு தமிழரும் ஒரு கன்னடரும் பேசிக்கொள்வதுதான் கதை. சண்டைகூடக் கிடையாது, பாதி நாடகம் மோட்டார் ரிப்பேர் பற்றியது. ஹாலுக்கு மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜரிடமிருந்து போன். "ஈ டாபிக் பேடா சார். சும்னே ப்ராப்ளம்." இந்த விஷயம் வேண்டாம், வீணாகப் பிரச்சினை என்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். போலீஸா? இல்லை. ஏதாவது சங்கத்துக்காரர்களா? இல்லை. "நமக்கெதுக்கு சார்" என்று தமிழுக்கு மாறினார். நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம். சரி, காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் எழுத்துல எப்படி சார் குடுக்கறது?"

சனிக்கிழமை போய் அட்வான்ஸைத் திரும்ப வாங்கினேன். ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. கார்பன் தாள் வைத்து எழுதிய ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றபோதுதான் அதைப் படித்தேன். 'நிகழ்ச்சி ஏற்பாட்டாளரால் ரத்து' என்று இருந்தது. அந்த நாடகம் நின்றதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆவணம் அதுதான். அதன்படி நிறுத்தியவன் நான்.

ஹால்காரர் தன் ஹாலைத் தரமாட்டேன் என்றால் அது அவர் இஷ்டம். அதைப் போய்த் தணிக்கை என்பீர்களா?

சட்டப்படி பார்த்தால் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு முதலாவதாக அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது. ஹால் சொந்தக்காரரை அது கட்டாயப்படுத்தாது. எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை. கண்ணாடி உடைந்தால் நாங்களா போட்டுத் தரப்போகிறோம்?

ஆனால் அந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி, இந்த ஊரில் தமிழர்கள் அடிபட்டதைப் பார்த்தவர் அவர். 2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன. கேபிளில் தமிழ் சேனல்கள் காணாமல் போயின. அரசாணை வந்தா சேனல் நின்றது? கேபிள்காரர் நிறுத்தினார். கேட்டால் "மேல நிறுத்திட்டாங்க" என்பார். மேலே என்றால் எங்கே, மொட்டை மாடியிலா என்று என் அப்பா கேட்பார்.

எங்கள் கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஏரிப் பக்கம், இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் திறக்கப்படாமல் 18 வருடம் மூடிக் கட்டியபடியே இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் அந்த மூட்டையைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போவேன். உள்ளே இருப்பது யார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். குறளை யாரும் தடை செய்யவில்லை. கன்னடத்தில் மொழிபெயர்ப்பே இருக்கிறது. கட்டு மட்டும் அவிழவில்லை. கடைசியில் இரண்டு முதலமைச்சர்கள் கூடிப் பேசி, 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா பக்கத்தில் இருக்கக் கருணாநிதி திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அல்சூரில் திருவள்ளுவரைத் திறந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, சிலையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்காரு, இதுக்கா இத்தனை வருஷம்" என்றார்.

அரசமைப்புச் சட்டமே பேச்சுரிமை கொடுத்திருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் இத்தனை வழக்கு?

கொடுத்த கையே அடுத்த வரியில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டது. 19(1)(அ) பேச்சும் கருத்தைச் சொல்வதும் குடிமக்களின் உரிமை என்கிறது. 19(2) எந்தெந்தக் காரணத்துக்காக அதற்கு நியாயமான வரம்பு கட்டலாம் என்று சொல்கிறது: இறையாண்மை, ஒருமைப்பாடு, நாட்டுப் பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுவது. 'சும்னே ப்ராப்ளம்' அந்தப் பட்டியலில் கிடையாது.

பட்டியல் நீண்ட கதையில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அப்போது 19(2)-இல் இல்லை. இல்லை என்று தெரிந்ததும், 1951-இல் முதல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அரசமைப்புக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. 'நியாயமான' என்ற சொல் 19(2)-க்குள் வந்ததும் அந்தத் திருத்தத்தில்தான்; இன்றைக்கு வக்கீல்கள் பிடித்துத் தொங்குவது அந்த ஒரு சொல்லை. பிறகு 1963-இல் 16-ஆம் திருத்தம் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' இரண்டையும் சேர்த்தது. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வை மனதில் வைத்து வந்தது அது. அண்ணாவும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே?

பாதி. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் குறிவைத்தது, ஆங்கிலத்துக்கு விலக்கு. கல்கத்தாவின் அம்ரித பஜார் பத்திரிகா ராவோடு ராவாக முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பியது. 1908-இல் 'இந்தியா' பத்திரிகைமேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது பாரதி புதுச்சேரிக்குப் போனார். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1928-இல், அவர் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது.

மீதிப் பாதியை நாமே போட்டுக்கொண்டோம். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்க நாடகச் சட்டம் வந்தது 1954-இல், சுதந்திரம் கிடைத்து ஏழு வருடம் கழித்து. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டு என்ற அந்தச் சட்டத்தின் பிரிவுகளை, பத்திரிகையாளர் ஞாநி போட்ட வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

எமர்ஜென்சி அளவுக்கு இப்போது இல்லையே?

அந்த அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1975 ஜூன் 25 ராத்திரி தொடங்கி 1977 மார்ச் 21 வரை நீடித்தது. செய்தி அச்சுக்குப் போகுமுன் தணிக்கை அதிகாரி பார்க்க வேண்டும். தலையங்கம் வரும் இடத்தை வெள்ளையாக விட்ட பத்திரிகை உண்டு. வாசகனுக்கு அந்த வெள்ளை புரிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முரசொலிக் கதை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். யார் யார் உள்ளே என்று பத்திரிகையில் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று கருணாநிதி ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டார். தணிக்கைக்காரர் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. படித்தவர்களுக்குத் தெரியும், இவர்களெல்லாம் ஏன் வர இயலாது என்று.

பெங்களூருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. எமர்ஜென்சி அறிவித்த மறுநாள் வாஜ்பாயும் அத்வானியும் இங்கேதான் கைதாகி, இங்கிருந்த மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நடிகை சினேகலதா ரெட்டியும் அதே சிறையில் எட்டு மாதம் போல இருந்தார். ஆஸ்துமாக்காரர். 1977 ஜனவரியில் பரோலில் வந்த சில நாளில் இறந்துபோனார். அந்தச் சிறைதான் இப்போது ஃப்ரீடம் பார்க். 2021-இல் வந்த போலீஸ் ஆணைப்படி இந்த நகரத்தில் ஆர்ப்பாட்டம் நடத்துவதென்றால் அங்கேதான் நடத்த வேண்டும். கோஷம் போட விரும்புகிறவர்கள் பழைய ஜெயிலுக்குள் போய்ப் போட்டுவிட்டு, டிராஃபிக்கை மறிக்காமல் வீட்டுக்குப் போகலாம். டிராஃபிக் நிஜமான பிரச்சினைதான், சில்க் போர்டில் ஒருநாள் நின்றவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

சென்சார் சான்றிதழ் வாங்கிய படத்தையும் தடுக்க முடியுமா?

சட்டப்படி முடியாது. நடைமுறையில் சுலபம்.

1987-இல் எடுத்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. கலவரம் வரும் என்று சொல்லி அதன் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் செய்வோம், அடிப்போம் என்று யாராவது மிரட்டுவதற்காகக் கருத்தை அடக்க முடியாது, அது மிரட்டலுக்கு அடிபணிவதாகும், பாதுகாப்புத் தருவது அரசின் வேலை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஒரு பேச்சை நெருப்புப் பொறி என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் வெடிமருந்து இருக்க வேண்டும் என்ற உவமையும் அதில்தான் வருகிறது. படத்தின் கருத்து எனக்கு ஒப்பாது. தீர்ப்பு ஒப்பும்.

முப்பத்தாறு வருடம் கழித்து அதே பாடம். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பட விழாவில் கமல்ஹாசன், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்ற பொருளில் பேசினார். மொழியியல் படித்தவர்கள் இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலத்தைச் சொல்வார்கள். ஆக அவர் சொன்னது சரியில்லை. மன்னிப்புக் கேட்காவிட்டால் 'தக் லைஃப்' கர்நாடகத்தில் ஓடாது என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. மன்னிப்புக் கேட்டால் என்ன என்று உயர் நீதிமன்றமும் கேட்டது. ஜூன் 5 அன்று நாடெங்கும் வெளியான படம் இங்கே வரவில்லை. ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம், சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பல் தடுக்க விட முடியாது என்று மாநில அரசைக் கண்டித்தது. அதற்குள் படத்தின் முதல் வாரம் போயே போய்விட்டது.

நாங்கள் நான்கு பேர் ஓசூருக்குப் போய்ப் பார்த்தோம். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ஒரு டோல், ஒரு பாலம், அவ்வளவுதான் எல்லை. படம் சுமார். திரும்பி வரும்போது யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை, பஸ் கட்டணத்தைப் பற்றித்தான் பேசினோம்.

இணையதளத்தை எப்படி முடக்குகிறார்கள்?

2025 பிப்ரவரி நடுவில் ஒருநாள் விகடன் தளம் எனக்குத் திறக்கவில்லை. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். பாவம், அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பியதை வைத்து, ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் ஒரு கார்ட்டூன் போட்டிருந்தது. ஒரு படத்துக்காக மொத்தத் தளத்துக்கும் பூட்டு. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றது. விகடனுக்கு இது பழகிய வழி. 1987-இல் அட்டையில் வந்த அரசியல்வாதி ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியது. சில நாளில் விட்டார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வழிமுறைக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு மத்திய அரசுக்கு முடக்கும் அதிகாரம் தருகிறது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆனால் 2009-இல் போட்ட விதிகளில் 16-ஆம் விதி, அந்தப் புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆக எழுத்தில் இருக்கும், நமக்குக் கிடைக்காது. எங்கள் ஹால் மேனேஜர் இதைவிட நேர்மையானவர் என்று சில நேரம் தோன்றும்.

இந்தச் சண்டைகள் பலவும் நம் ஊர் உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தன. முடக்க உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் போட்ட வழக்கு 2023 ஜூன் 30 அன்று தள்ளுபடியாகி, கூடவே 50 லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தது. அப்புறம் 'சஹ்யோக்' என்ற அரசுத் தளம் வந்தது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(3)(பி) பிரிவைக் காட்டி, இதை எடு என்று அதிகாரிகள் கம்பெனிகளுக்கு அதன் வழியே அறிவிப்பு அனுப்பலாம். எக்ஸ் அதையும் எதிர்த்தது. 2025 செப்டம்பர் 24 அன்று அதுவும் தள்ளுபடி. 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரியது, வெளிநாட்டுக் கம்பெனி அதைக் கேட்க முடியாது என்பது நீதிமன்றம் சொன்னவற்றில் ஒன்று. அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கம்பெனியின் தளத்தில் எழுதிய ஆள் நம்மூர்க் குடிமகன். அவர் பதிவுதான் போகிறது.

ஊருக்கே இணையத்தை நிறுத்துவது இன்னொரு வகை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தியதை எதிர்த்து அனுராதா பாசின் போட்ட வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: நிறுத்தும் ஆணையை வெளியிட வேண்டும். பார்த்தால்தானே எதிர்த்து வழக்குப் போட முடியும்?

வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதினால் போலீஸ் வருமா? குரூப் அட்மின் மாட்டிக்கொள்வாரா?

எங்கள் வட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் 66ஏ. இணையத்தில் 'புண்படுத்தும்' செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு அது. பால் தாக்கரே இறந்தபோது பம்பாய் அடைக்கப்பட்டதைப் பற்றி 2012-இல் ஃபேஸ்புக்கில் ஒரு பெண் எழுதினார், தோழி லைக் போட்டார். பால்கரில் இருவரும் கைது. அதைக் கண்டு கொதித்த சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் போட்ட வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவே ரத்தானது. அதற்குப் பிறகும் ஸ்டேஷன்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போடாதீர்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. யாராவது உங்களிடம் 66ஏ என்று மிரட்டினால் சிரித்துவிடலாம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கு 196, மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதற்கு 299, பீதி கிளப்பும் வதந்திக்கு 353, அவதூறுக்கு 356. பழைய ராஜத்துரோகப் பிரிவை 2022 மேயில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. புதுச் சட்டத்தில் அதன் தம்பி மாதிரி 152 உட்கார்ந்திருக்கிறது.

ஆறுதலுக்கு ஒன்று. கவிதை ஒன்றைப் பதிவிட்டதற்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சை எடைபோட வேண்டியது திடமனம் உள்ள சாதாரண மனிதரின் நிலையிலிருந்துதான், எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் நிலையிலிருந்து இல்லை என்றது. இந்த மாதிரி வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் முதற்கட்ட விசாரணை செய்துகொள்வது நல்லது என்றும் சொன்னது.

அட்மின் விஷயம்: உறுப்பினர் போடுவதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரே தூண்டிவிட்டால் கதை வேறு.

அப்படியானால் யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்கிறீர்களா? வெறுப்புப் பேச்சும் உரிமையா?

இல்லை. பெங்களூர்த் தமிழன் அப்படிச் சொன்னால் அவனுக்கு ஞாபகமறதி என்று அர்த்தம். 2016 செப்டம்பரில், காவிரி விவகாரத்தில் கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் எழுதிய ஒரு தமிழ் இளைஞரை, இங்கே ஒரு கும்பல் பிடித்து அடித்து மன்னிப்புக் கேட்க வைத்தது. காணொளி ஊரெல்லாம் பரவியது. அதே நாட்களில் ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவரை அடிக்கும் காணொளி. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்தினார்கள், 12-ஆம் தேதி ஊர் எரிந்தது. 'அங்கே போய் அடி' என்பது தூண்டுதல், அதற்குச் சட்டம் இருக்கிறது, அது பாயட்டும். அந்த இளைஞரின் கேலி ரசக்குறைவாக இருந்திருக்கலாம். அடித்தவர்கள் செய்ததுதான் குற்றம். நம் ஊரில் பெரும்பாலும் கேலி செய்தவர்மேல் வழக்குப் போட்டு, அடித்தவர்களைச் சமாதானம் பேசக் கூப்பிடுவார்கள். என் சண்டை அந்த வரிசையோடு.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2017 செப்டம்பர் 5 அன்று கன்னடப் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை ராஜராஜேஸ்வரி நகரில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எழுதுகிறவர்கள் எல்லோருமே ராத்திரி கேட் சத்தம் கேட்டால் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார்கள்.

புத்தகத்துக்குத் தடை போட்டால் அது நிரந்தரமா?

சல்மான் ருஷ்டியின் 'சட்டானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1988 அக்டோபரில் சுங்கத்துறை அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்த வழக்கில், அறிவிப்பின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் அது கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அப்படியொரு அறிவிப்பே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று வழக்கை முடித்தது. முப்பத்தாறு வருடம் அமலில் இருந்த தடைக்குத் தாள் இல்லை!

பெருமாள்முருகன் விஷயத்தில் தாள் இருந்தது. 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் 'அமைதிக் கூட்டம்' கூட்டினார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பு, பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்றெல்லாம் எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகு. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது, அவர் திரும்ப எழுதட்டும் என்றது. என் ரசீதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்த வழக்கு நினைவுக்கு வரும். எங்கள் சங்கதி அதற்கு முன் கடுகு.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 1969-லிருந்து, உடனடியாக நடக்கப்போகிற சட்டமீறலைத் தூண்டும் பேச்சைத் தவிர வன்முறைப் பேச்சைக்கூட அரசு தண்டிப்பது கஷ்டம். ஜெர்மனியில் நாஜிப் படுகொலையை மறுத்துப் பேசினால் குற்றம். அவர்கள் வரலாறு அப்படி. சீனாவில் எதைத் தேடினால் என்ன வரும் என்பதையே சுவர் கட்டித் தீர்மானிக்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. அங்கே அப்படி, ஆகவே இங்கேயும் இப்படி என்று பேசுகிறவரிடம் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை.

எங்கள் நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

முதலில், எழுத்தில் கேளுங்கள். கொடுக்கமாட்டார்கள். பரவாயில்லை, நீங்கள் எழுதுங்கள்: 'இன்று மதியம் இத்தனை மணிக்கு நீங்கள் தொலைபேசியில் இன்ன காரணம் சொல்லி நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னீர்கள், நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்புங்கள். நீல டிக் வந்தால் போதும். பாதிப்பேர் அந்தச் செய்தியைப் பார்த்ததுமே, "அய்யோ, நான் நிறுத்தச் சொல்லல சார், சும்மா சொன்னேன்" என்று இறங்கிவிடுவார்கள்.

போலீஸ் என்றால், வந்தவரின் பெயர், ஸ்டேஷன், எந்தச் சட்டப் பிரிவு என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் முனாவர் ஃபரூக்கியின் நகைச்சுவை நிகழ்ச்சியை ரத்து செய்வது நல்லது என்று இங்கே போலீஸ் ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதமே கொடுத்தது. நிகழ்ச்சி நின்றது, ஆனால் கடிதம் இருந்ததால்தான் அது நாடெங்கும் செய்தியானது. உங்கள் பக்கம் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி அனுமதி வாங்குங்கள், ராத்திரி பத்துக்கு முன் முடியுங்கள். தயவுசெய்து எந்த ரசீதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாடகத்தை நாங்கள் கைவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் வாசித்தோம். கன்னட விவசாயி பேசும் பகுதியைக் கீழ்வீட்டு மஞ்சுநாத் சார் கன்னடத்திலேயே வாசித்தார். மோட்டார் ரிப்பேர் வசனத்தில் இரண்டு தொழில்நுட்பத் தவறு இருக்கிறது என்று திருத்தவும் செய்தார்.

நீங்கள் எப்போதாவது யாரையாவது பேசவிடாமல் செய்ததுண்டா?

போன மாதம் ஒரு காலேஜ் பெண் கேட்டாள். அன்று பேச்சை மாற்றிவிட்டேன்.

உண்டு. 2023 செப்டம்பர், காவிரிக்காகப் பெங்களூரு பந்த் நடந்த வாரம். எங்கள் வட்டத்தின் மூத்தவர், பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், 1991-இல் தன் தெருவில் நடந்ததைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். அடுத்த கூட்டத்தில் வாசிப்பதாகச் சொல்லி, முழுப் பக்கமும் ரூல் தாளில் கையால் எழுதி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தார். நான் அவருக்குப் போன் போட்டேன். "ஐயா, இந்த முறை வேணாமே, நிலைமை சரியில்ல, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சரி தம்பி. வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. அந்த எட்டுப் பக்கத்தோட சேத்து வச்சிக்கிறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை.